போணி

"போணி உங்க பில்டிங்லதான் சார். நீங்க என்ன குடுத்தாலும் சரி."

இராஜாங்கம் இப்படிச் சொன்னதுமே அமிர்தலிங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாபநாசத்தில் நெல் வியாபாரம் பார்த்துத் தலை நரைத்தவர். விலை சொல்லாமல் விற்க வருகிறவனை அவர் நம்பியதே இல்லை.

இப்போது தஞ்சாவூரில் எட்டு மாடிக் குடியிருப்புக்குச் செயலாளர். மேலிருந்து குப்பை கொட்டும் குழாய், கீழ் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு நாறிக் கிடந்தது.

இராஜாங்கம் வந்த லோடு ஆட்டோவில் குழாய் கழுவும் புது மெஷின் நின்றது. குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது.

"மாடியிலேருந்து பிரஷ்ஷை இறக்கினா அதுவே சுத்திச் சுத்திக் கழுவிடும். ஊரெல்லாம் அபார்ட்மெண்ட் வருது, நல்ல லாபம் இருக்கு சார். இனிமே இந்தக் குழாய்க்குள்ள ஆளை இறக்க மாட்டேன்னு மட்டும் எனக்கு வாக்குக் குடுங்க."

"அதானே பார்த்தேன்! போன வருஷம் ஒரு ஒல்லிப் பையன் கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கிப் பளபளன்னு ஆக்கிட்டுப் போனான். அவன் பொழப்புல மண்ணைப் போடத்தான் போணி கீணின்னு வந்தீங்களா?"

இராஜாங்கம் குழாயின் வாயைப் பார்த்தார். "வேலை சுத்தமா இருந்துச்சா?"

"குறையே சொல்ல முடியாது. உள்ள ஆசிட் நெடி போல. வெளியே வந்ததும் ஒரே இருமல்."

"தண்ணி ஏதும் குடுத்தீங்களா சார்?"

"போட்டிக்காரன் மேல இவ்வளவு அக்கறையா! குடுத்தேங்க. குடிச்சிட்டுச் சிரிச்சான். 'அடுத்த தடவை மெஷினோட வர்றேன், இந்த வேலையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னான். சரின்னுட்டேன். நாளைக்கு அவன் வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

இராஜாங்கம் தோள் துண்டை எடுத்து மெஷினைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"அன்னைக்கு இருமிக்கிட்டேதான் வந்து படுத்தான். விடிஞ்சப்ப எந்திரிக்கலை."

அமிர்தலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"மெஷின் வந்துருச்சு சார். என் புள்ளதான் வரலை."