ஐந்தாவது பை

"யார் யார் இருக்கோம்னு முதல்ல எழுது. ஒருத்தரும் விடுபடக் கூடாது" என்றார் தராசு.

குமாஸ்தா எழுதினார்: சோதனை அதிகாரி. குமாஸ்தா. குளிர்கிடங்கு மெக்கானிக். மீட்புக் குழுவின் நர்ஸ். பையைக் கொண்டுவந்த ஏஜெண்ட், அதாவது அதிகாரியின் மச்சான். கம்பளித் தொப்பியோடு வந்த அதிகாரியின் மனைவி.

"என்னை எதுக்குங்க எழுதறீங்க? நான் தொப்பி கொடுக்க வந்தவ."

"தொப்பி கொடுக்க வந்தவர்னே எழுதிக்கப்பா."

மலை மீட்புக் குழு வாங்கும் கயிறோ, காலணியோ, கூடாரமோ, சோதனை அதிகாரியான அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. அதனால்தான் தராசு என்ற பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

மேஜைமேல் ஒரு சின்னக் கூஜா அளவில் அந்த ஸ்லீப்பிங் பேக் சுருண்டு கிடந்தது. வாத்துத் தூவி அடைத்தது.

"எடையை நீங்க போடுங்கம்மா" என்றார் நர்ஸிடம். எப்போதும் எடையைத் தராசே போடுவார்.

"ஐந்நூத்தி எழுபது கிராம், சார்."

"எடுத்துட்டு மறுபடி வைங்க."

"அதே ஐந்நூத்தி எழுபதுதான்."

"அறுநூறுக்குள்ள. எழுது."

பையை உதறி விரித்தார்கள். நசுங்கிக் கிடந்த தூவி மெல்ல உப்பி, அரை மணி நேரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்தது. தராசு அதற்குள் நுழைந்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். அப்படியே அவரைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மைனஸ் ஐந்து. இரண்டு மணி நேரம். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மூக்கு மட்டும் தெரிந்தது.

மனைவி தன் தம்பியான ஏஜெண்டை வராந்தா பெஞ்சுக்கு இழுத்துப்போனாள்.

"டேய், இவருக்கு என்னமோ சந்தேகம் தட்டியிருக்கு. இல்லாட்டி இத்தனை பேரைச் சாட்சிக்கு நிறுத்துவாரா?"

"அக்கா, நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு. விஷயம் தெரிஞ்சுதுன்னா அத்தான் என்னையும் இந்தப் பைக்குள்ளயே போட்டு ஜிப்பை இழுத்துடுவார்."

விஷயம் இதுதான்: பையைத் தைத்தவர் தராசின் தம்பி.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. தங்கை கல்யாணத்துக்கு அண்ணனுக்குத் தம்பி கோட்டு தைத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் நடுவில் நின்றுகொண்டு, "இடது கை ஒரு விரற்கடை குட்டை" என்றார் அண்ணன். "இனிமே உங்களுக்கு ஊசியில நூல் கோத்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் தம்பி. சொன்ன சொல் தவறாமல், பட்டறைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டுதான் பை அனுப்பினார். சின்னவன் வந்து பேசட்டும் என்று இவர். பெரியவர் கூப்பிடட்டும் என்று அவர். யார் இறங்கி வந்தாலும் குடும்பத்துக்கு இழுக்கு என்று இருவருமே நினைத்தார்கள்.

நான்கு பைகள் திரும்பிப் போய்விட்டன. மற்ற கம்பெனிக்காரர்களுக்கு 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரே வரி எழுதுகிறவர், இந்தப் பட்டறைக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார்.

"முதல் பை எடை அதிகம்னார் அத்தான். ரெண்டாவதுல தூவியெல்லாம் கால்மாட்டுக்கு ஓடுதுன்னார். மூணாவதுல ஜிப் துணியைக் கடிக்குதாம். நாலாவதுக்கு என்ன எழுதினார் தெரியுமா? 'தையல் வலது பக்கம் சாய்கிறது. தைத்தவர் டாக்டரிடம் கண்ணைக் காட்டவும்.'"

"குத்திக்காட்டறதுல இவரை அடிச்சுக்க ஆளில்லை. கொழுந்தனார் என்ன பண்ணார்?"

"திட்டிக்கிட்டே போய்க் காட்டினார். கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து தைச்சதுதான் இது."

"இதுவும் திரும்பிப் போச்சுன்னா?"

"பட்டறையைப் பூட்டிட்டு மக வீட்டோட போயிடுவாராம். தையல் மெஷினைப் பார்க்க ஆள்கூட வந்துட்டுப் போயாச்சு."

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

"உடம்புச் சூடு கொஞ்சம்கூடக் குறையலை. நடுவுல சார் தூங்கிட்டார்."

"தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன்."

"குறட்டை கேட்டுது சார்."

"அது மெஷின் சத்தம்."

"என் மெஷின் சத்தம் போடாது சார்" என்றார் மெக்கானிக்.

தராசு பையை விட்டு வெளியே வந்தார். பையை உள்வெளியாகப் புரட்டினார். பூதக்கண்ணாடியை வைத்துத் தையல் தையலாகப் பார்த்தார். ஜிப்பை நாற்பது தடவை ஏற்றி இறக்கினார், மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அது துணியைக் கடிக்கவில்லை. குறை கிடைக்காத எரிச்சலில் மனுஷர் புதிதாக எதையாவது கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டா, இனிமே இங்கே பை வராதா?" என்று குமாஸ்தாவைக் கேட்டார் தராசு.

"எதுக்கு சார் வரணும்? ஆர்டர் நேரா பட்டறைக்குப் போயிடும்."

"லெட்டர்?"

"லெட்டரும் வேண்டாம் சார். உங்களுக்கு ஒரு சிரமம் விட்டுது."

தராசு பேனாவின் மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, தொப்பியை மறந்து வெளியே நடந்தார்.

தம்பி தைத்த பை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு அவர் பேனாவையே தொட்டிருக்க மாட்டார் என்று சொந்தபந்தங்களுக்குள் இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. ஐந்து பைகளின் சோதனை அறிக்கைகளும் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. முதல் அறிக்கையிலிருந்தே, 'தயாரித்தவர் சோதனை அதிகாரிக்கு உறவா?' என்ற கேள்விக்கு எதிரில், 'ஆம். என் தம்பி' என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார்.