முத்துமாலை வைத்திருந்தவர்

"முகமூடி இல்லாம உள்ளே விட முடியாதும்மா. போய் ஒண்ணு மாட்டிக்கிட்டு வா!"

வாசல்காரன் மறுபடியும் அதையே சொன்னதும் அஞ்சோலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சூதாட வரலைய்யா. என் புருஷனைக் கூட்டிட்டுப் போக வந்தேன். ரொட்டிக்கடை சுவானே. உள்ளே இருக்காரா, இல்லையா?"

"இங்கே யாருக்கும் பேர் கிடையாது. எல்லாரும் முகமூடியார்தான். உள்ளே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டே, வெளியே தள்ளிடுவேன்."

வெனிஸ் அரசாங்கம் சூதாடுவதற்கென்றே ஒரு மாளிகையைத் திறந்துவைத்து, அதற்கு இப்படியொரு சட்டமும் போட்டிருந்தது. குடியைக் கெடுத்துக்கொள்கிறவன் மூஞ்சி ஊருக்குத் தெரியக் கூடாதாம். என்ன கரிசனம்!

தெருக்கோடியில் ஒரு முகமூடியை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை மகள் ஒர்செத்தாவுக்குக் கல்யாணம். அவள் கழுத்தில் ஏற வேண்டிய முத்துமாலை காலையிலிருந்து பெட்டியில் இல்லை. சுவானேயும் கடையில் இல்லை.

எங்கே பார்த்தாலும் கறுப்பு அங்கி, முக்கோணத் தொப்பி, வெள்ளை முகமூடி. இதில் தன் வீட்டுச் சனியன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேசை மேசையாக அலைந்தாள். மேசையை நடத்திச் சீட்டுப் போடுகிற பிரபுக்கள் மட்டும்தான் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி மேசையில் இருந்த பிரபுவிடம் குனிந்தாள்.

"ஐயா, நான் பேர் கேட்கலை. முத்துமாலை வெச்சிருக்கறவர் இங்கே யாராவது இருக்காங்களா?"

பிரபு சீட்டைக் கலைத்துக்கொண்டே ஓர் ஆளைப் பார்த்து மோவாயை அசைத்தார்.

அஞ்சோலா பாய்ந்து போய் அந்த ஆளின் கையைப் பிடித்தாள்.

"மாலை இருக்கா, போயிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க!"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அங்கிப் பையைத் தொட்டு, இருக்கிறது என்று தலையாட்டினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"எப்படிங்க மனசு வந்தது? பெத்த பொண்ணு வெறுங்கழுத்தோட மாதாகோயில்ல நிக்கணுமா? எழுந்திருங்க. இல்லேன்னா இப்பவே போய்க் கால்வாயில விழுந்துடுவேன்!"

மேசையில் சிரிப்புக் கிளம்பியது. "போங்க முகமூடியாரே! வீட்டுல நல்ல பூசை காத்திருக்கு!" என்றது ஒரு குரல்.

அவர் தன் காசுகளை அள்ளிக்கொண்டு எழுந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

படகில் ஏறியதும் கையை நீட்டினாள். மாலை உள்ளங்கையில் விழுந்தது. முத்துகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். அத்தனை கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சரி விடுங்க, நான் திட்டலை. மாலை வந்தாச்சு, அது போதும். முதல்ல அந்தக் கண்றாவியைக் கழட்டுங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கணும் எனக்கு."

அவர் முகமூடியைக் கழற்றினார்.

அஞ்சோலா முன்பின் பார்த்திராத மனிதர்.

"இதைத் தோத்தவர் எனக்கு எதிர்லதான்மா உட்கார்ந்திருந்தார். நான் ஜெயிச்ச பணத்துக்கு ஈடா அந்தப் பிரபு இதை என்கிட்ட கொடுத்தார். கல்யாணப் பொண்ணோட மாலைன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு வெச்சுக்க மனசு வரலை" என்றார் அவர். "நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதப்போ, உங்க வீட்டுக்காரர் கடைச் சாவியைப் பணயமா மேசைமேல வெச்சுட்டு அடுத்த சீட்டுக்காகக் காத்துக்கிட்டிருந்தார்."