உடல்நலக் குறிப்பு

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகன், மருமகள், அவர்களுடைய இளைய மகள். மூத்த பேத்தி வேலைக்குப் போயிருந்தாள். கூடவே இருந்து பார்த்ததுபோல் இப்போது பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

மேசைமேல் ஒரு விண்ணப்பம் இருந்தது. பள்ளி மாணவர் தலைவர் தேர்தலில் நிற்பதற்கு, வீட்டுப் பெரியவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

இளையவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கண் விழித்தால் நிறுத்த முடியாது. அவள் நின்றால் வேறு யாருக்கும் ஓட்டு விழாது என்று வகுப்பாசிரியை இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"நின்னா ஜெயிச்சிடுவேன் தாத்தா. அதுதான் பயமா இருக்கு."

ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு விழாவில் மாணவர் தலைவர்தான் தீப்பந்தம் ஏந்தி மைதானத்தைச் சுற்றி ஓடி, இரும்புக் கோபுரத்தில் ஏறி, உச்சியில் சுடர் ஏற்ற வேண்டும். முப்பத்தாறு படிகள். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. என் மகனும் அந்தப் பள்ளிதான். இரண்டு ஓட்டில் தோற்றான். ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

"ஏறும்போது வந்துட்டா?" என்று கேட்டாள்.

"என்ன வந்துட்டா?" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பல் கிட்டிக்கொள்ளும். கண் மேலே செருகும். கைகால் வெட்டி இழுக்கும். இரண்டு நிமிடம்தான். பிறகு ஒரு மணி நேரம் தூங்குவாள். நாங்கள் அதை அசதி என்போம். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றி வைப்பது மருமகளின் வேலை. அதை அவள் ஒழுங்காகவே செய்துவந்தாள்.

போன மாதம் அசதி பேருந்து நிறுத்தத்தில் வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்கவில்லை. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, "உங்க வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லையாமே?" என்று விசாரணை வந்தது. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் எங்கள் வாசல் ஏறிக் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் வாயால் பதில் சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஊரே கூடியிருக்க, அவள் நெருப்போடு மேலே போய் நின்றால் போதும்.

நான் அவளை வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகவே சொன்னேன். அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்கும் என்றேன். அடித்துக்கொள்கிற இரண்டு பேரைப் பிரித்து, இரண்டு பேரையுமே சிரிக்கவைக்க அவளால் முடியும் என்றேன். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரின் அறைக்கே போய்ச் சொன்னது அந்தப் பள்ளியில் அவள் ஒருத்திதான் என்றேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூட மிகை இல்லை.

"இவ்வளவையும் மனசுக்குள்ளயா வெச்சிருந்தீங்க? எப்பப் பாத்தாலும் வாயை மூடுன்னுதானே சொல்வீங்க!" என்று சிரித்தாள்.

மருமகள் சிரிக்கவில்லை.

"நிக்கட்டும் மாமா. நான் வேணாம்னு சொல்லல. இந்தக் கட்டத்துல மட்டும் உள்ளதை எழுதிடுங்க. பந்தத்தை வேற பிள்ளைகிட்ட குடுத்துடுவாங்க."

தாளின் கடைசிக் கட்டத்தில் அவள் விரல் இருந்தது. உடல்நலக் குறிப்பு.

என் மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இந்தத் தாள் எத்தனை கை மாறும்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

என் கையெழுத்தைப் பார்த்து, அச்சடித்ததா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கட்டத்தில், குறை ஏதுமில்லை என்று எழுதினேன். மை காயட்டும் என்று தாளை மேசைமேலேயே விட்டேன்.

ரேடியோ தாளை எடுத்து முழுவதும் படித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது என்னைப் பார்த்தாள். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

"சரி தாத்தா. அன்னிக்கு நீங்க முன்வரிசைலதான் உக்காரணும். மேலேருந்து பாத்தா எனக்குத் தெரியணும்."

முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

பந்தம் முப்பத்தோராவது படியில் நின்றது. அதன் பிறகு நடந்ததை மைதானத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், வீட்ல இருந்தவங்களுக்கே தெரியாமப் போச்சே" என்றார்கள். தையல்காரிகூட இப்போது அப்படித்தான் சொல்லித் திரிகிறாளாம்.

அது தவறு. உயரம், நெருப்பு, தண்ணீர், இந்த மூன்றின் பக்கமும் பிள்ளையை விடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது.