மூன்றாம் நாளே வந்த அதிகாரி

"போதும், நிறுத்துங்க" என்றார் அலைவரிசை அதிகாரி பிரேமகுமார்.

யோகேஸ்வரி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ரெண்டு நிமிஷம் சார். சின்னப் பாலத்து மேல தண்ணி ஏறிடுச்சு. பள்ளிக்கூட வேன்காரங்க சுத்திக்கிட்டு வரணும்னு சொல்லிட்டு நிறுத்திடுறேன்."

"லைசென்ஸ் இல்லாம ஒரு நிமிஷமும் கிடையாது."

வயரை அவரே பிடுங்கினார். ஒலிபரப்புப் பெட்டியின் மேல் சிவப்பு முத்திரைத்தாளை ஒட்டி, கையெழுத்தும் போட்டார்.

ஜோகூர் மாநிலத்தின் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், பள்ளிக் கேன்டீன் நடத்தும் ஒருத்தி தன் வீட்டு அடுப்படியில் வானொலி நிலையம் வைத்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. இருபத்தாறு வருட சர்வீஸ் அவருக்கு. புகார் வந்த மூன்றாம் நாளே ஆளைப் பிடித்தாயிற்று. இன்னும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"காத்துல போறதுதானேன்னு நினைச்சீங்களா அக்கா? அலைவரிசை பொதுச்சொத்து. கம்பெனிக்காரங்க லட்சக்கணக்குல கட்டி எடுக்கிறாங்க. நீங்க சும்மா எடுத்துக்குவீங்களா?"

"கட்ட மாட்டேன்னு சொல்லலையே சார். ஜோகூர் பாரு முழுக்கக் கேக்குற கோபுரத்துக்கும் அதே கட்டணம், அறுபது வீட்டுக்குக் கேக்குற இந்தப் பெட்டிக்கும் அதே கட்டணம்னா நாங்க எங்க போறது? இங்க போன்ல லைன் கிடைக்காது. மழை புடிச்சா சுத்தம். இந்த அலைவரிசைல வேற யாருமே இல்ல, காலியாத்தான் கிடக்குது."

"அப்படின்னா முறைப்படி மனு போட்டிருக்கலாம் லா."

யோகேஸ்வரி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து நீட்டினாள்.

மூன்று மனுக்கள், மூன்று பதில் கடிதங்கள். மூன்றிலும் ஒரே வரி: 'அதிகாரி நேரில் பார்வையிட்ட பிறகு கட்டணச் சலுகை பரிசீலிக்கப்படும்.'

கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. கட்டுக்கட்டாக மனு வரும் நாட்களில் இந்த வரியைப் போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவது அவர் வழக்கம். பார்வையிட வேண்டிய அதிகாரியும் அவர்தான். பிரேமகுமாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா குடையோடு வாசலில் வந்து நின்றாள். "யோகேசு, ரேடியோ ஏன் நின்னுபோச்சு? பாலம் என்னாச்சு?"

"தண்ணி வந்திருச்சுக்கா. நம்ம விஜயன மோட்டார் சைக்கிள்ல அனுப்பி, வேன அந்தப் பக்கமே மறிக்கச் சொல்லுங்க."

வெள்ளையம்மா மழையில் ஓடினாள். பிரேமகுமார் தான் ஒட்டிய முத்திரைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிரிக்க இனி கோர்ட் உத்தரவு வேண்டும். இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அக்கா" என்றார் மெதுவாக. "உங்களுக்கு ஆகாதவங்க யாரோதான் இந்தப் புகாரக் குடுத்திருக்காங்க. பேர் போடல. அவங்க வந்து வாபஸ் வாங்கினா, பெட்டியத் திருப்பித் தரச் சொல்லி கோர்ட்டுக்கு நானே எழுதுறேன். யாரா இருக்கும்னு தெரியுதா?"

யோகேஸ்வரி கடிதங்களை மறுபடி ஃபைலுக்குள் அடுக்கினாள்.

"நான்தான் சார் குடுத்தேன். மனு போட்டு ரெண்டு வருஷமா யாரும் வரல. புகார்னா வருவீங்க, வந்து கொஞ்ச நேரம் உக்காந்து கேப்பீங்கன்னு நினைச்சேன்."