மூன்று தாய்மாமன்கள்

"அந்த மாட்டைக் கொஞ்சம் தள்ளி வைம்மா. பச்சைக் குழந்தை மேல மூச்சு விடுது பாரு!"

மருமகள் பொம்மைக் குடிலுக்குள் கையை விட்டு மாட்டை ஓரமாக நகர்த்தினாள். கல்யாணமாகி வந்தபின் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். மாமியார் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையைத்தான் விட்டாள், வார்டை இன்னும் விடவில்லை.

"இந்த ஆடுங்க, அத்தை?"

"வாசலோட நிக்கட்டும். ஆட்டுக்காரங்களும் வெளியிலதான். ஒரே நேரத்துல இத்தனை பேரை யாரு உள்ள விட்டது?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னபடியே செய்தாள். சோபாவுக்குப் பக்கத்தில் அவளுடைய பயணப் பை தயாராக நின்றது. சாயங்கால ரயிலில் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம்மா" என்று மாமியார் பெருந்தன்மையாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பையைக் காலால் மூலைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஏணி மேல் நின்று மாமனார் நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டினார்.

"நேரா தொங்க மாட்டேங்குதே!"

"கோணலாவே இருக்கட்டும். இந்த வீட்ல நட்சத்திரம் அப்படித்தான்" என்ற மாமியார், மாதா சிலையைப் பார்த்ததும் கொதித்துப்போனாள். "பிள்ளை பெத்தவளை முட்டி போட வெச்சிருக்கான் பாரு, பொம்மை செஞ்ச மகராசன்! அவன் பெத்திருந்தா தெரியும்."

கைக்குட்டையை நாலாக மடித்து, மாதாவின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். குழந்தைக்குக் கழுத்துவரை பஞ்சு போர்த்தினாள்.

அட்டைப்பெட்டியில் கடைசியாக மூன்று பொம்மைகள் இருந்தன. தலையில் கிரீடம், கையில் ஆளுக்கொரு பேழை.

"இவங்களை எங்க வைக்கட்டும், அத்தை?"

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"தாய்மாமனுங்க. குழந்தைக்குப் பக்கத்துலயே வை."

"தாய்மாமனுங்களா?"

"பின்னே? பளபளன்னு உடுத்திக்கிட்டு, கை நிறைய சாமானோட வார்டுக்கு வேற யாரு வருவா? நான் பார்க்காத தாய்மாமனா! அப்பன்காரன் டீ குடிக்கப் போயிருப்பான், இவங்க வந்து நிப்பாங்க."

"ஆனா அத்தை, மூணு பேரு..."

"அந்தப் பொண்ணு கூடப் பொறந்தவங்க மூணு பேரு. அதுல உனக்கென்ன கஷ்டம்?" மாமியார் குரலை உயர்த்தினாள். "இந்த வீட்ல அவங்க தாய்மாமன்தான். நான் வெச்சதுதான் வழக்கம்."

மாமியாருக்குப் பின்னாலிருந்து மகன், 'தயவுசெய்து எதிர்த்துப் பேசாதே' என்று மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான்.

மருமகளின் தோள்கள் குலுங்கின. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமியாரின் முகம் விழுந்துவிட்டது. "அழுறாளோ? ரொம்ப அதட்டிட்டேனா?"

"புருஷனை அதட்டுறது பத்தாதுன்னு இவளையுமா?" என்றார் மாமனார், ஏணி மேல் இருக்கும் தைரியத்தில்.

பால்கனியில் போன் ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

"கிளம்பிட்டியாடி?" என்றாள் அம்மா. "சீக்கிரம் வா. கிறிஸ்துமஸ்னா என்னன்னே தெரியாத வீட்ல உன்னைக் கட்டிக்கொடுத்துட்டோமேன்னு அப்பா காலையிலேர்ந்து ஒரே புலம்பல்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமனார் நட்சத்திரத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை அவசர அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாமியார் கலங்கிய கண்களோடு, பையைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளினாள். அது சோபாவுக்குப் பின்னால் மறைந்தே போனது.

அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்து முடித்து, மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வரலம்மா. நம்ம வீட்டுக்கு வருஷா வருஷம் மூணு ராஜாதானே வருவாங்க? இங்க எனக்காக மூணு தாய்மாமனே வந்து நிக்கிறாங்க, விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"