பின்சீட்டு

வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அவள் இன்னும் ஏறவில்லை.

டீக்கடை வாசலில் நின்றபடியே பார்த்தாள். புது மோட்டார் பைக். பின்னால் ஒரு பெட்டி, பக்கத்துக்கு ஒரு பெட்டி. அத்தனையும் முதல் வளைவில் ஒருசேரச் சாய்ந்து மலைக்குப் பின்னால் மறைந்தது.

கணவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள்.

சத்தம் கீழே இறங்கிக்கொண்டே போனது. அடுத்த வளைவு. அதற்கும் அடுத்தது.

அப்புறம் எங்கோ ஒரு குருவி மட்டும்.

தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் பின்பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தியிருந்தாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். "ஏனுங்க" என்று அவள் கூப்பிட்டது ஹெல்மெட்டுக்குள் போகவில்லை.

"வந்துருவாருங்கக்கா. எங்க போயிரப் போறாரு?" டீக்கடைக்காரப் பெண் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

வசந்தாமணி உட்கார்ந்தாள்.

அவளுடைய போன் வண்டியில், டேங்க் மேல் கட்டிய பைக்குள் இருந்தது. கடைக்காரப் பெண் தன் போனை நீட்டினாள். அதில் சிக்னல் இல்லை. அந்தச் சரிவில் யாருக்கும் கிடைப்பதில்லையாம்.

பழைய ஸ்கூட்டரில் ஒருக்களித்து உட்கார்ந்தே பாதி ஆயுள் போயிருந்தது. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால்கூட மயில்சாமிக்குத் தெரிந்துவிடும். "ஆடாத மணி" என்பார்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்த வண்டியை வாங்கினார். ஊர் ஊராகப் போகலாம் என்றார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதற்காக அவளும் முதல்முறையாகச் சுடிதார் தைத்துக்கொண்டாள். ஒரு வாரமாக அவர் விடிந்ததும் வாசலுக்குப் போய்விடுகிறார். துடைக்கிறார். ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்கிறார். இன்றைக்குத்தான் முதல் நெடும்பயணம். வால்பாறை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு கனமான வண்டியில், பின்னால் ஆள் இருப்பது தெரியாதுதான்.

தெரியாதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுபடி சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

டீ ஆறி ஆடை படிந்தது.

பொள்ளாச்சி பஸ் வந்தது. அவள் எழுந்து கையைக் காட்டினாள்.

"அக்கா, அவரு வந்து கேட்டா?"

"பஸ்ஸுல போயிட்டேன்னு சொல்லுங்க."

சன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். வீட்டுக்குப் போய் எதுவும் பேசக் கூடாது. சமைக்கக் கூடாது. எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். எந்த வளைவில். அல்லது வீட்டு வாசலில் இறங்கின பிறகா?

பஸ் வளைந்து வளைந்து இறங்கியது.

சாலை சற்று அகன்ற ஓர் இடத்தில் அந்த வண்டி நின்றது. வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் தார்ச்சாலையில் கிடந்தது.

ஆளைக் காணோம்.

அவள் எழுந்துவிட்டாள்.

தடுப்புச் சுவருக்கு அப்பால், சரிவில், உண்ணிச்செடிப் புதருக்குள் மயில்சாமி இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் முள்ளை விலக்கி விலக்கிக் கீழே பார்த்தார். சட்டை தோளில் கிழிந்து தொங்கியது.

"மணீ..."

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்துபோன குரல்.

வளைவுக்கு வளைவு இறங்கித் தேடிக்கொண்டே மேலே ஏறி வந்திருக்கிறார்.

"நிறுத்துங்க! பஸ்ஸ நிறுத்துங்க!"

அவள் இறங்கி ஓடினாள். சுவரில் கை ஊன்றிக் குனிந்தாள். மூச்சுதான் வந்தது. பிறகுதான் குரல்.

"ஏனுங்க!"

அவர் நிமிர்ந்தார். ஓடி வரவில்லை. அவளுடைய தலையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார்.

"எங்க விழுந்த?"

"விழுகலீங்க. நான் ஏறவே இல்ல."

அது அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் அப்படியே முள்ளுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் இறங்கிப் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். முகமெல்லாம் கீறல். உள்ளங்கையில் ரத்தம். அவள் துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்தக் கையில் மறுபடி கசிந்தது. கேட்பதற்கு வைத்திருந்த எதையும் அவள் கேட்கவில்லை.

"அம்மா, பஸ்ஸ எடுக்கோணும். நீங்க வர்றீங்களா, அவரோடவே போய்க்கிறீங்களா?"

வசந்தாமணி அந்தக் கையையே பார்த்தாள்.

"ரெண்டு பேருமே வர்றமுங்க."

மயில்சாமி படியைப் பிடித்து ஏறினார். அவள்தான் திரும்ப ஓடிப் போய் இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டாள். ஹெல்மெட்டைப் பொறுக்கி எடுத்தாள். டேங்க் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது.

பின்கண்ணாடி வழியாக வண்டி தெரிந்தது. அவள்தான் திரும்பிப் பார்த்தாள். வளைவு வந்து அதை மறைத்தது. அவர் இருக்கையின் முதுகில் தலை சாய்த்திருந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"காலைல வந்து எடுத்துக்கலாமுங்க" என்றாள்.

"எதைய?" என்றார்.