சுங்க அதிகாரியின் படகு

சுங்க அதிகாரி க்ளௌடன் பாய்மரப் படகு ஒன்று கேட்டார். எங்கள் ஊரில் படகு கட்டும் ஜெஃபெரின் ஒப்புக்கொண்டான். வடக்குத் தீவிலிருந்து வரி கட்டாமல் கொண்டுவரும் விஸ்கியில்தான் எங்கள் ஊரில் அடுப்பெரிகிறது.

“சொந்த மச்சானைத் துரத்திப் பிடிக்கப் படகு கட்டுறியே, வெக்கமா இல்ல?” என்று கேட்டேன். அந்த மச்சான் நான்தான்.

“மெதுவா ஓடுற படகு கட்ட எனக்குக் கை வராது, மச்சான்.”

உதவிக்கு யாரும் போகவில்லை. பலகை இழைத்து, பாய் தைத்து, கயிறு கட்டி எல்லாம் அவனே செய்தான்.

க்ளௌடன் வந்து வந்து அதட்டினார். “எந்தப் படகும் இதை முந்தக் கூடாது. கீழே சரக்கு வைக்க நிறைய இடம் விடு. வர்ணம் கறுப்பு.”

“எங்ககிட்டப் பிடுங்குற சரக்கா, ஐயா?” என்றேன். அவர் சிரித்தார்.

கடலில் இறக்கும் நாளில் கிடா வெட்டி, முகப்பில் ரத்தம் தெளித்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். இனி ஊரே கயிறு பிடித்துப் படகைக் கடலுக்குள் இழுக்க வேண்டும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஜெஃபெரினின் முகம் செத்துப்போனது. மணலிலேயே கிடக்கும் படகைக் கட்டியவனிடம் அடுத்த படகை யார் கேட்பார்கள்?

க்ளௌடன் தொப்பியைக் கழற்றினார்.

“ஏம்பா, நேத்தோட எனக்கு சர்வீஸ் முடிஞ்சுது. பென்ஷன் ரம்முக்கே பத்தாது. புது அதிகாரி எப்ப, எங்க காவல் நிப்பான்னு எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் விஸ்கி கொண்டுவர என்கூட வர்றவங்க கயித்தைப் பிடிங்க.”

கயிற்றில் எனக்குக் கை வைக்க இடம் கிடைக்கவில்லை.